காற்று காட்டும் துணி

பொங்கலூர்ப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே ஒரு மில் முதலாளி போட்ட குட்டி ஓடுபாதை காலை வெயிலில் ஈரமாக மின்னுகிறது. இரண்டு பேர் மட்டும் அமரும் சிறிய விமானம் மேலே வட்டமடிக்கிறது. இறங்க வருகிறது, தயங்குகிறது, மூக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. காற்றை எதிர்த்து இறங்கினால்தான் இந்தப் பாதைக்குள் அது நிற்கும். காற்று பின்னாலிருந்து தள்ளினால் கோடியில் நிற்கும் காற்றாலையில் போய்த்தான் மோதும். திசை காட்டத்தான் மில்லில் வேலை பார்க்கும் தௌபிக் கம்பத்தில் துணி கட்டியிருக்கிறான். அவனுடைய நிட்டிங் மிஷினில் குழாயாகவே இறங்கும் பனியன் துணி. தைக்கக்கூட வேண்டாமே என்று நேற்று பெருமைப்பட்டான். "ஏனுங்க தம்பி, காத்தாடி அத்தனையும் சுத்துது, உங்க துணி மட்டும் அசையவே மாட்டேங்குதுங்களே?" என்கிறாள் ஆடு மேய்க்க வந்த மருதாள். "ராத்திரி மழையைக் குடிச்சிருச்சுங்கக்கா. காட்டன்." காற்று வரும் பக்கம் முகம் திருப்பும் காற்றாலைகள் மேற்கே பார்க்கின்றன; மருதாள் கிள்ளித் தூவும் புல்லோ கிழக்கே போகாமல் தெற்கே பறக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். விமானம் மறுபடி தாழ்கிறது. தௌபிக் துணியை அவிழ்த்து, இறங்க வேண்டாம் என்று தலைக்கு மேல் வீசுகிறான். வீசிய வேகத்தில் ஈரத்துணி நீளமாக விரிகிறது. அதைப் பார்த்து விமானம் திரும்புகிறது. பதறி மறுபக்கம் வீசுகிறான்; விமானமும் மறுபக்கம் திரும்புகிறது. தௌபிக் ஓங்கிய கையோடு உறைந்து நிற்கிறான். அவன் எந்தப் பக்கம் வீசுகிறானோ, அதுதான் இப்போது காற்று.