மரியாதை தெரிந்த ரோபோ

"பொம்மைப் படம் பாக்கறதையும் ஒரு உத்தியோகம்னு சொல்றீங்களே மாப்பிள்ளை, இது உங்க காலேஜுக்குத் தெரியுமா?"

துவைத்த துணிகளை மடித்தபடி மாமியார் கேட்டார். மாப்பிள்ளை லேப்டாப்பிலிருந்து நிமிரவில்லை. விண்வெளிப் படங்களும் அனிமேஷனும்தான் அவருடைய ஆராய்ச்சி. முனைவர் பட்டம் வாங்கி மூன்று வருஷமாகியும் அந்தக் குடியிருப்பில் ஒருவரும் அவரை 'டாக்டர்' என்று கூப்பிட்டதில்லை. 'கார்ட்டூன்' என்றுதான் பெயர். அது தனக்குத் தெரியாது என்று ஊர் நினைப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாவே தெரியும் அத்தை. நாளைக்கு இன்டர்வியூ. தேறினா வேலை நிரந்தரம். இல்லேன்னா இந்த வருஷத்தோட மூட்டை கட்டணும். வேற ஊர்தான்."

மூட்டையோடு மகளும் போய்விடுவாள் என்பது மாமியாருக்குச் சட்டென்று உறைத்தது. "அப்ப என்கிட்ட ஒப்பிச்சுக் காட்டுங்க. எனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

கல்யாணமாகி நாலு வருஷத்தில், தன் ஆராய்ச்சியைப் பற்றி மாப்பிள்ளை அவரிடம் வாய் திறப்பது இதுவே முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு படத்தை ஓட விட்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் தமிழில் டப்பிங் செய்த வெளிநாட்டு அனிமேஷன். விண்கலம் பற்றி எரிகிறது. ஆணா பெண்ணா என்றே தெரியாத கரகரத்த இரும்புக் குரலில் ரோபோ கேப்டனைக் கேட்கிறது:

"அடுப்பை அணைச்சிட்டீங்களா?"

மாமியார் கையிலிருந்து தலையணை உறை நழுவியது.

"பாத்தீங்களா, நீங்களே அசந்துட்டீங்க! மூலப் படத்துல இந்த வசனமே கிடையாது அத்தை. படம் முழுக்க கேப்டனை 'நீ, வா, போ'ன்னு பேசின ரோபோ, கடைசி நேரத்துல 'ங்க' போடுது! அந்த 'ங்க'வைப் பத்தி மட்டும் நாற்பது பக்கம் எழுதியிருக்கேன். ஒரு இயந்திரம் மனுஷனை முதல் தடவையா மதிக்கிற இடம் அது. எரியற கப்பலை வீடா நினைக்கிற இடம்!"

"நாற்பது பக்கமா?"

"ஆனா எங்க துறைத் தலைவர் விட மாட்டாரு. 'குரல் கொடுத்த ஆள் உளறியிருக்கான், வெட்ட மறந்துட்டாங்க'ம்பாரு. யாரு பேசினதுன்னு ஆறு வருஷமாத் தேடறேன், டைட்டில்ல பேரே இல்ல. உளறல்னு முடிவு கட்டிட்டா என் கதை கந்தல்."

மாமியார் ஜன்னலைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு, எதிர்வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லும் அதே குரலில் ஆரம்பித்தார்.

"உளறினாத்தான் என்ன இப்போ? மனசுல இருக்கறதுதானே வாய் தவறி வரும்? வீட்டு நெனப்பு இல்லாதவங்க வாயில அடுப்பு வருமா? இப்படிக் கேளுங்க அந்த மனுஷனை!"

மறுநாள் துறைத் தலைவர் சொல்லி வைத்தாற்போல அதையே கேட்டார். மாப்பிள்ளை அத்தையின் பதிலுக்குக் கொஞ்சம் செந்தமிழ்ச் சட்டை மாட்டி எடுத்துவிட்டார். குழுவில் இருந்த ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது துறைத் தலைவர்தான்.

"இந்த ஒரு பதிலுக்கே வேலை கொடுக்கலாம்யா!"

கொடுத்தும் விட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் 'கார்ட்டூன் நிரந்தரமாகிவிட்டது' என்ற செய்தி நாலு மாடியும் ஏறி இறங்கிவிட்டது. ஹாலில் மனைவி சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று சமையலறைப் பக்கம் போன மாப்பிள்ளை, உள்ளே அத்தை மாமனாரிடம் கிசுகிசுப்பது காதில் விழவே வாசலிலேயே நின்றார்.

"அந்தக் காலத்துல நான் ரோபோவுக்குக் குரல் கொடுத்துக்கிட்டிருந்தப்ப, சாப்பாட்டுப் பையோட கதவோரமா வந்து நின்னீங்களே, மைக் ஓடறது தெரியாம உங்களைத்தான் கேட்டேன். மாப்பிள்ளை அதுக்கு நாற்பது பக்கம் எழுதிட்டாரு, நீங்க இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பதில் சொல்லலை!"