மூன்றாவது வளையம்

ஆம்ப்ளிஃபையரின் வால்வுகள் சூடேற ஒரு நிமிடமாவது ஆகும். அதுவரை வெர்ஜில் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

இசைக்கருவிக் கடை ஆள் டிரெவர் பக்கத்திலேயே நின்றான். புதிதாக வந்திறங்கிய உசத்தி ஆம்ப்ளிஃபையரை யாரையும் தனியாகத் தொட விடுவதில்லை. அதிலும் முழங்கை தேய்ந்த கோட்டு போட்ட ஆளை.

ஆம்பின் நெற்றியில் பித்தளைத் தகடு. 'ராய்ஸ் மேப்ரி, டல்சா' என்று பேரும் ஊரும் வளைந்து வளைந்து எழுதியிருந்தது.

ராய்ஸ் ஒரு காலத்தில் வெர்ஜிலின் கூட்டாளி. வெர்ஜில் வீட்டுக் கார் கொட்டகையில் இரண்டு பேரும் ஆம்ப் செய்து விற்றார்கள். பற்றவைப்பது வெர்ஜில், வாயடித்து விற்பது ராய்ஸ். பிறகு ராய்ஸ் தனியாகப் போய்ப் பெரிய மனுஷனாகிவிட்டான். வெர்ஜில் ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜ்களை ரிப்பேர் பார்த்தே அறுபதைத் தாண்டினார்.

ராய்ஸ் போன அதே வாரம் கொட்டகையிலிருந்து ஒரு ஆம்ப் காணாமல் போனது. வெர்ஜில் செய்ததிலேயே நல்ல ஆம்ப் அதுதான். இருபத்தாறு வருஷமாக அவர் நெஞ்சை அரித்தது ஒரே கேள்வி. ராய்ஸ் அதைத் திருடினானா இல்லையா?

கண்டுபிடிப்பது சுலபம். அந்த ஆம்பில் வெர்ஜில் ஒரு தப்புப் பண்ணியிருந்தார். மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் பத்தாயிரத்தைப் பற்றவைத்துவிட்டார். அதனால் கிதாரின் தடித்த கம்பியை ஓங்கி அடித்தால் சத்தம் முதலில் அமுங்கும், பிறகு மெல்ல எழுந்து விரியும். அழுகையை அடக்கிக்கொண்டு பேச ஆரம்பிக்கிறவர் குரல் மாதிரி. முதல் தடவை கேட்டபோது ராய்ஸ் வாயைப் பிளந்துவிட்டான். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன் என்று வெர்ஜிலும் கெத்தாகச் சொல்லிவைத்தார்.

அறிவுள்ளவன் எவனும் யோசித்து அந்த இடத்தில் அதை வைக்க மாட்டான். இந்தப் புது ஆம்பிலும் அது இருந்தால் திருட்டுத்தான்.

"கொட்டகையச் சுத்தம் பண்ணினப்போ நான்தான் தூக்கிப் போட்டிருப்பேன். பழைய கதைய எதுக்குக் கிளறுற, விட்டுத் தள்ளு" என்பாள் அவர் மனைவி டார்லீன். அவருக்கு ரத்தக்கொதிப்பு. அதனால்தான் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். இன்று சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில் அவர் வண்டியைக் கடைப் பக்கம் திருப்பியபோதும் அதையேதான் சொன்னாள். உள்ளே வரவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டிரெவர் இரண்டாவது சுவிட்சையும் தட்டிவிட்டான். "ம், வாசிங்க சார். ஆனா வர்றவன் போறவன் எல்லாம் வாசிக்கிற அந்தப் பழைய பாட்டோட நாலு சுரம் மட்டும் வேணாம். காலையிலேர்ந்து கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

வெர்ஜில் தடித்த கம்பியை ஓங்கி அடித்தார்.

சத்தம் அமுங்கியது. எழுந்தது. விரிந்தது.

இன்னொரு தடவை அடித்தார். சந்தேகமே இல்லை.

வயிறு எரிந்தது. சொல்ல வெட்கம், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நாளைக்கே ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும். இப்போதே வெளியே போய் டார்லீனிடம், பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்று கேட்க வேண்டும்.

"அந்த அமுங்கல் எப்படி வந்துச்சு தெரியுமா சார்?" டிரெவர் குஷியாகிவிட்டான். "போன மாசம் ராய்ஸே இங்க வந்து சொன்னாரு. கூட வேலை பார்த்த ஒருத்தர் தப்பாப் பத்த வெச்சதாம்."

வெர்ஜில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திருடன் தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டானே.

"அந்த ஆளுக்கு நிறம் தெரியாதாம், பாவம். ரெசிஸ்டர்ல கலர் வளையத்தை வெச்சுத்தானே எத்தனை ஓம்னு பார்க்கணும்? மூணாவது வளையம் சிவப்பா ஆரஞ்சான்னு அவருக்குப் பிடிபடலையாம். ஆனா வேணும்னேதான் வெச்சேன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சாராம். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்."

வெர்ஜிலும் சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்தார்.

தனக்கு நிறம் தெரியாது என்பதை ராய்ஸிடம் அவர் சொன்னதே இல்லை. இந்தத் தொழிலில் அது வெளியே தெரிந்தால் யாரும் ஒரு ரேடியோவைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள். பெற்றவளுக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தார். கல்யாணமான புதிதில், படுக்கையில், காதோடு காதாக. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் அவர் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தாள்.

அப்படிப்பட்ட ரகசியத்தை டார்லீன் ராய்ஸிடம் எங்கே வைத்துச் சொல்லியிருப்பாள் என்று யோசித்தார். யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

"சத்தம் எப்படி சார்?"

"நல்லா இருக்கு" என்று கிதாரை அவனிடம் கொடுத்தார்.

வெளியே வெயில் கொளுத்தியது. வண்டிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். டார்லீன் அவர் முகத்தையே பார்த்தாள். மடியிலிருந்த கைக்குட்டையைப் பிழிந்து கயிறாக்கியிருந்தாள்.

"என்னாச்சு? உன்னோடதா அது?"

கேட்க வேண்டியதெல்லாம் வெர்ஜிலின் தொண்டை வரை வந்தது. கேட்டுவிட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள்.

"இல்ல. அது வேற" என்றார்.

டார்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று அவள் உதடுகள் முணுமுணுத்ததை வெர்ஜில் பார்த்துக்கொண்டே இருந்தார்.