குடை பிடிக்காத சுந்தரராஜுலு

அட்டை மறைப்புக்குப் பின்னால் சுந்தரராஜுலு நின்ற நேரத்தில், ஒரு ஆள் காந்திபுரம் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

வாக்குச்சாவடி அதிகாரி, 'சீக்கிரம்' என்று சொல்லத் தயங்கி இரண்டு தடவை இருமிப் பார்த்தார். வரிசையில் நின்ற எதிர்வீட்டுப் பங்காரம்மாவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

"ஏனுங்க, இருவத்தாறு வருசமா ஒரே சின்னத்துல குத்துற கை, இன்னைக்கு என்னமோ வழி தெரியாம நிக்குதுங்களே!"

வரிசை சிரித்தது. மறைப்புக்குள் இருந்தவருக்கும் கேட்டது.

கேள்வியில் நியாயம் இருந்தது. சுந்தரராஜுலு சங்குக் கட்சிக்காரர். அதிலும் சாதாரணக் கட்சிக்காரர் இல்லை. எதிர்க்கட்சியின் சின்னம் குடை என்பதற்காக, ஐப்பசி மழையிலும் குடை பிடிக்காமல் நனைந்துகொண்டே பம்ப்செட் பட்டறைக்குப் போகிறவர். வருஷத்துக்கு இரண்டு ஜலதோஷம் கட்சிக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் முத்திரையும் கையுமாக விழித்துக்கொண்டு நிற்கக் காரணம், புதன்கிழமைகள்.

புதன்கிழமை தவறாமல் மூன்று மணிக்கு, காந்திபுரத்தில் ஒரு மாடி பிரவுசிங் சென்டருக்குப் போவார். பலகைத் தடுப்பு வைத்த மூலை கேபின். அரை மணி நேரம். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும்.

தெருவுக்கு இது போதாதா? ஐம்பத்தெட்டு வயது மனுஷன் தடுப்புக்குள் உட்கார்ந்து எந்த மாதிரிப் படம் பார்ப்பார் என்று ஓட்டெடுப்பு நடத்தாமலே முடிவு செய்துவிட்டார்கள். அவர் மனைவி பத்மாவதியைப் பார்க்கும்போதெல்லாம் பங்காரம்மா 'உச்' கொட்டினாள்.

அவர் பார்த்தது மோகனப்பிரியாவின் கடிதங்களை.

மகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு துபாய்க்குப் போனவள். அவள் பெயரையே இனி வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சுந்தரராஜுலுவின் அண்ணன் கோவிந்தராஜுலு சொன்னபோது, இவரும் சேர்ந்து தலையாட்டினார். கூட்டுக் குடும்பம். தபால் வந்தால் அண்ணன் பிரிப்பார். போன் அடித்தால் அண்ணன் எடுப்பார்.

மிஞ்சியது இந்தக் கம்ப்யூட்டர் வழி ஒன்றுதான். தமிழும் தெலுங்குமாக இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்புவாள். 'நைனா' என்று ஆரம்பிக்கும். போன புதன்கிழமை, குழந்தைக்கு முதல் பல் முளைத்துவிட்டது என்று எழுதியிருந்தாள். அவர் அதை ஏழு தடவை படித்தார்.

இந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத் தேர்தலில்தானா சங்குக் கட்சிக்கு அந்த வாக்குறுதி தோன்ற வேண்டும்? ஜெயித்தால் பிரவுசிங் சென்டர்களுக்குப் பூட்டு. வெளிநாட்டுக் கம்பெனிகள் நடத்தும் கம்ப்யூட்டர் கடிதப் பெட்டிகளுக்குத் தடை. டில்லியில் கட்சி ஆட்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் கை தூக்கியாக வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை.

மேலிடத்து ஆள் ஒருவரிடம் அவர் தனியாகப் பேசிப் பார்த்தார். நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு அந்தக் கருமம் எதற்கு என்று அந்த ஆள் இவர் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். கட்சியை விட்டு விலகலாமே என்றால், பெற்ற தாய் பேச்சைத் தட்டினாலும் கட்சிப் பேச்சைத் தட்டாத ஜென்மம்.

வாக்குச்சீட்டில் கடைசியில் இருந்தது நாற்காலி. சுயேச்சை நஞ்சுண்டன். தானே ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். தடை கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தொண்டை கட்டக் கத்தியவர். மனசு அங்கேதான் இழுத்தது. ஆனால் நஞ்சுண்டனுக்கு அவர் வீட்டு ஓட்டே முழுசாக விழுமா என்பது சந்தேகம். அங்கே குத்துவது விழலுக்கு இறைத்த நீர்.

சங்கைக் கவிழ்க்கிற தெம்பு குடைக்கு மட்டும்தான் இருந்தது. போன தடவை இரண்டுக்கும் வித்தியாசம் சில நூறு ஓட்டுகள்.

சங்குக்கு நேரே அச்சடித்திருந்த பெயரைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். குடையின்மேல் முத்திரையை வைத்தார்.

அழுத்தினார்.

முத்திரை பிசகவில்லை.

பிறகு மெல்ல ஊதினார். ஈர மை எதிர்ப்பக்கம் ஒட்டினால் எண்ணும்போது தகராறு வரும் என்று இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சீட்டு மடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே. கற்ற வித்தை அத்தனையையும் குடைக்காகக் காட்டி, நீளவாக்கில் மடித்து, பெட்டியில் போட்டார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அண்ணனையும் கேட்காமல், கட்சியையும் கேட்காமல் ஒரு காரியம். அதைச் சுத்தமாகச் செய்துவிட்டார் மனுஷன்.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் பத்திரிகைப் போட்டோக்காரர் ஓடி வந்தார்.

"வேட்பாளர் சார், மை வெச்ச வெரலைக் கொஞ்சம் மேல தூக்குங்க. சங்குக்கு நிக்கறவரு ஓட்டு சங்குக்கேன்னு நாளைக்குப் பேப்பர்ல போடோணுமுங்க!"

சுந்தரராஜுலு விரலைத் தூக்கினார். ஒரு மாதமாக ஜீப்பில் நின்று சிரித்துச் சிரித்து மரத்துப்போயிருந்த முகம், அன்றைக்குத்தான் தானாகச் சிரித்தது.