காலடியில் ஒரு தம்ளர்

ரயில்வே போலீஸ் கொண்டுவந்து விட்ட அந்த மனிதருக்கு எங்கள் மனநல வார்டில் பெயர் கிடையாது. பதினேழாம் கட்டில், அவ்வளவுதான். அவர் பேசுவது தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. கேஸ் ஷீட்டில் 'உளறுகிறார்' என்று எழுதியது நான்தான். தினமும் ரவுண்ட்ஸ் நேரத்தில் ஒரு தம்ளர் தண்ணீரை டாக்டர் வரதனின் காலடியில் வைத்துவிட்டுக் கைகூப்பி நிற்பார்.

"இன்னிக்குமா? எழுதிக்கோங்க சிஸ்டர். மாத்திரைய கூட்டிருவோம்." டாக்டர் தம்ளரைத் தாண்டிப் போவார்.

நேற்று ரவுண்ட்ஸின்போது, பதினேழாம் கட்டில்காரரின் அதே நிறத்தில், அதே சாயலில் இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். பதினேழு எழுந்து போய் அவர் முன்னால் தண்ணீரை வைத்தார். வந்தவர் கும்பிட்டு, இரண்டு கையாலும் எடுத்து, மிச்சமில்லாமல் குடித்தார். அப்புறம் ஒருவர் கேட்க மற்றவர் சொன்னார். நடுவில் பதினேழு வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"சார், அவங்க பேசிக்கிறாங்க," என்றேன்.

"என்ன பேசுறாங்கன்னு உங்களுக்குப் புரியுதா?"

புரியவில்லை.

"அப்ப புதுசா வந்தவருக்கும் அதையே எழுதுங்க. ரெண்டு கட்டிலையும் தள்ளிப் போடச் சொல்லுங்க."

எழுதினேன்.

இன்று காலை வார்டின் இரண்டு மூலையிலும் தரையில் தம்ளர்கள் இருந்தன. டாக்டர் இரண்டையும் தாண்டிப் போனார். பதினேழு, கூட்டிய மாத்திரையின் மயக்கத்தில் தள்ளாடியபடி இன்னொரு தம்ளரைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியிருந்தது. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.