கண்ணாடிப் பெட்டிக் கோதுமை

ஓடைத் தண்ணீரில் ஓடும் அந்தப் பழைய மாவு அரைக்கும் ஆலையைப் பழுதுபார்த்து, மக்கள் வந்து பார்க்கத் திறந்துவிட்டார்கள். தினமும் காலையில் சக்கரம் சுற்றும், கல் அரைக்கும், கூட்டம் வாய்பிளந்து பார்த்துவிட்டுப் போகும். சிந்திய மாவு தரையிலேயே கிடக்கும்.

அங்கே குடியிருந்த எலி அதைத் தொடவே இல்லை.

"சாப்பிடுண்ணே," என்றது சிட்டுக்குருவி. அதன் அலகெல்லாம் மாவு.

"முன்னாடி ஒரு வாய் மாவுக்குத் துடைப்பத்தோட துரத்துனாங்க. இப்ப யாரும் கண்டுக்கிறதே இல்ல. இதுல என்னமோ கலந்திருக்காங்க."

"நான் நாலு நாளா தின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"உனக்கு மெதுவா வேலை செய்யும்."

எலியின் கண்ணெல்லாம் மூலையில் இருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல்தான். உள்ளே ஒரு பலகை நிறைய கோதுமை மின்னியது. வெளியே பூட்டு.

"நல்லதைத்தான் பூட்டி வைப்பாங்க," என்றது எலி.

மூன்று நாள் பட்டினி கிடந்து, பெட்டியின் மரச்சட்டத்தைக் குடைந்து உள்ளே போனது. ஆசையோடு ஒரு மணியைக் கடித்தது. கோதுமை முழுவதும் பார்வைக்காகப் பலகையில் ஒட்டி, வார்னிஷ் பூசப்பட்டிருந்தது. எலியின் முன்பல் உடைந்தது.

தள்ளாடி வெளியே வந்த எலியைக் கண்டு குருவி பதறிப்போனது.

"இப்பவாவது இந்த மாவைத் தின்னுண்ணே."

எலி ஓரடி பின்னால் நகர்ந்து, குருவியை மேலும் கீழும் பார்த்தது.

"நான் அந்தப் பெட்டிக்குத்தான் போவேன்னு அவங்ககிட்ட யாரு சொன்னது?"