கரடி தலையில் ஒரு கூடு

காட்டில் அதிபர் தேர்தல். பறவைகளின் ஓட்டை வாங்கக் கரடி ஒரு யோசனை செய்தது. ஈச்ச மரத்தடியில் விழுந்து கிடந்த தூக்கணாங்குருவிக் கூட்டை எடுத்துத் தொப்பியாக மாட்டிக்கொண்டு பிரசாரத்துக்குக் கிளம்பியது.

எதிர்த்து நின்ற கீரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இது பண்பாட்டுத் திருட்டு! கூடு என்றுகூட இனி யாரும் சொல்லக் கூடாது. பறவையர் இல்லம் என்றுதான் சொல்ல வேண்டும்!”

“மரியாதையாகத் தலையில்தானே வைத்திருக்கிறேன்?” என்றது கரடி.

மூன்று நாள் மரத்தடியில் ஒரே ரகளை.

ஈச்ச மட்டையில் இருந்த ஆண்குருவிக்குத்தான் கூச்சம் தாங்கவில்லை. அது கட்டிய கூடு அது. பாதி கட்டியதும் பெண்குருவி வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்காத குறையாகப் பறந்துவிட்டது. வழக்கப்படி ஆண்குருவியே அதை அறுத்துக் கீழே தள்ளியிருந்தது.

நாலாம் நாள்தான் கீரிக்கு ஆண்குருவியைக் கேட்கத் தோன்றியது. “உங்கள் மனம் புண்பட்டதா, இல்லையா?”

“புண்பட்டதுதாங்க. ஆனால் அது கரடி வருவதற்கு முன்னாலேயே.”

அப்போது அதே பெண்குருவி வந்து இறங்கியது. “ஊரே அடித்துக்கொள்கிற கூடு எதுய்யா?” என்று கரடியின் தலையில் உட்கார்ந்து, அலகால் நாலு இழு இழுத்துப் பார்த்தது. “பரவாயில்லையே!” என்று உள்ளே போனது.

தேர்தலுக்கு முதல் நாள் கடைசிக் கூட்டம். கீரி தொண்டையைச் செருமியது.

“மெதுவாகப் பேசப்பா, உள்ளே முட்டை இருக்கிறது” என்றது கரடி, தலையை அசைக்காமல்.

அதன் காதோரம் ஆண்குருவி மீதிப் பாதியைப் பின்னிக்கொண்டிருந்தது.