தணிகாசலத்தின் பூட்டு

கலவை இயந்திரத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் சுவிட்ச் பெட்டியில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்கவேண்டும். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் அது ஓடும். மாட்டாதவன் நாளை வேலைக்கு வரவேண்டாமென்று குழுத்தலைவர் தணிகாசலம் காலையில்தான் முழங்கியிருந்தார். இப்போது, ஆட்கள் வெல்டிங் வைத்த இடத்தைத் தன் கையாலேயே தடவிப் பார்க்க, ஒரு நிமிட வேலைதானே என்று, பூட்டைச் சட்டைப்பையில் வைத்தபடியே பின்பக்கமாக உள்ளே இறங்கியிருந்தார்.

வெளியே பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

“சார் எங்கடா?”

“மீட்டிங்ல இருப்பாரு. இப்பல்லாம் அவரு எங்க ஸ்பேனரைத் தொடுறாரு?”

சிரித்தார்கள். உள்ளே தணிகாசலம் கத்துவதற்கு வாயைத் திறந்தார். காலையில் சொன்ன சொல் நினைவுக்கு வர, மூடிக்கொண்டார். யாரும் பார்க்காமல் ஏறிவிடலாமென்று கலக்கும் அலகின்மேல் காலை வைத்தார்.

“கடைசிப் பூட்டு யாருது?”

“என்னுதுதான்,” என்றான் வெல்டர் இருதயம்.

சாவி திரும்பியது.